இரண்டாம் தடவை கேட்டால்

நவரத்தினத்துக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் ஒன்று உண்டென்றால், அது இன்னும் உலகத்தில் நடக்கவில்லை என்று அர்த்தம். பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் அவரைத் தெரிந்தவர்கள் இதை ஒரு குறையாகச் சொல்வதில்லை. மனிதருக்கு வேலை பஸ் ஓட்டுவது. ஓடும் பஸ்ஸில் சாரதியோடு பேசக்கூடாது என்று முன்பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கிழமை முழுக்க வாயை மூடிக்கொண்டு பேர்லினைச் சுற்றி வருகிறவர், சனிக்கிழமை வந்ததும் அடக்கி வைத்த அத்தனையையும் வானொலியில் கொட்டித் தீர்ப்பார்.

வானொலி என்றதும் பெரிதாக எதையும் எண்ணிவிடக் கூடாது. ரவிச்சந்திரனின் தமிழ்க்கடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு மைக், ஒரு கணினி. இணையத்தில்தான் ஒலிபரப்பு. சுவரோரம் அடுக்கியிருக்கும் அரிசி மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால் ரவிச்சந்திரன் வேறு செலவு வைத்துக்கொள்ளவில்லை. அரிசி நன்றாக விற்றுப்போன வாரங்களில் நவரத்தினத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். ஆனாலும் கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். பெரும்பாலும் சமையலறைகளில், வெங்காயம் உரிக்கிற நேரத்தில் கேட்பார்கள்.

நிகழ்ச்சியின் பெயர் ‘வாரப் பார்வை’. அதில் முதலில் அரசியல் வரும். அந்தக் குளிர்காலத்தில் ஆளும் கூட்டணி உடைந்து பெப்ரவரியில் தேர்தல் என்று அறிவித்திருந்தார்கள், ஆகவே நவரத்தினத்துக்கு நல்ல விளைச்சல். எல்லாக் கட்சியும் எங்களைப் பற்றிப் பேசுகிறது, எங்களோடு பேசுகிற கட்சி ஒன்றுகூட இல்லை என்பார். வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்புவோம் என்று சொல்லும் கட்சிக்கு வாக்களிக்கப் போவதாகக் கோயிலில் செருப்புப் போடும் இடத்தில் நின்று இரகசியமாகச் சொன்ன இரண்டு தமிழர்களை, பெயர் சொல்லாமல் ஆனால் எல்லோருக்கும் விளங்கும்படி, நார் நாராகக் கிழித்தார். முந்தி வந்த அகதிக்குப் பிந்தி வந்த அகதியைக் கண்ணில் காட்டக்கூடாது, இவர்கள் எல்லாம் கப்பலில் கடைசி ஆளாக ஏறிவிட்டு ஏணியை இழுத்துக்கொள்ளுகிறவர்கள் என்றார். அதில் உண்மை இருந்தது. அவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கும், அதுதான் அவரோடு உள்ள தொல்லை.

அடுத்தது பாட்டு. இந்தக் காலத்துப் பாட்டில் பாடுகிறவர் ஒருவர், அவருடைய தொண்டையைத் திருத்துகிற மெஷின் ஒன்று, இடையில் காரணமில்லாமல் கத்துகிறவர் இன்னொருவர். பல்லவி எங்கே முடிந்தது, சரணம் எங்கே தொடங்கியது என்று இசையமைத்தவருக்கே தெரியாது. சாமத்திய வீட்டு மண்டபங்களில் டீ.ஜே. போடுகிற அடிக்கு, நெஞ்சில் கருவி வைத்தவர்கள் எழும்பி வாசலில் போய் நிற்கிறார்கள், பெண்பிள்ளை பெரியவளானதற்குக் குளிரில் நிற்க வேண்டியவர்கள் அவர்களா என்று கேட்பார். மூன்றாவது பகுதி ‘எங்கள் பிள்ளைகள்’. இதில் வருடத்துக்கு வருடம் மாறாத ஒரே விஷயம் கணினி விளையாட்டு. அது மூளையைத் தின்னும் கறையான் என்பது அவருடைய தீர்ப்பு. அவர் ஒரு விளையாட்டையும் விளையாடிப் பார்த்தவரல்லர். கறையானைப் பற்றிச் சொல்லக் கறையானோடு குடியிருக்க வேண்டுமா என்று கேட்பார்.

இதில் இரண்டு சங்கடங்கள் இருந்தன. ஒன்று சின்னது. அவருடைய ஒரே மகள் ஆதிரை அந்தக் கறையானை வளர்க்கும் கம்பெனி ஒன்றில்தான் வேலை செய்தாள். குறொய்ஸ்பேர்க்கில் ஒரு பின்முற்றத்துக் கட்டடத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் கம்பெனி. மகள் என்ன செய்கிறாள் என்று கேட்பவர்களிடம் நவரத்தினம் “கொம்பியூட்டர்” என்பார். கேட்டவர்கள் வங்கிக் கணினியையோ ஆஸ்பத்திரிக் கணினியையோ நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். அவர் தடுப்பதில்லை.

மற்றது பெரியது. யார் யாருக்கு எதற்காக வாக்களிக்க வேண்டும் என்று முப்பது வருடமாக ஊருக்குச் சொல்லிவந்த நவரத்தினத்துக்கு வாக்குரிமை கிடையாது. அவர் ஜேர்மன் குடிமகன் இல்லை.

இதை யாரும் நம்பமாட்டார்கள். ஏனென்றால் நொய்கெல்ன் தமிழரில் பாதிப்பேரைக் குடியுரிமைச் சோதனைக்கு ஆயத்தப்படுத்தியவரே அவர்தான். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வரவேற்பறையில் கதிரை போதாமல் ஆட்கள் நிலத்தில் இருப்பார்கள். சமஷ்டிச் சபை என்றால் என்ன, பேர்லின் சுவர் எப்போது விழுந்தது, கொடியின் நிறம் என்ன வரிசை, அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சுலோஜனா, அவர் மனைவி, அந்த நிலத்தில் இருந்து படித்துத்தான் ஒரு பிழையும் விடாமல் சித்தியடைந்தார். ரவிச்சந்திரனும் அப்படித்தான். எல்லோரும் பாஸாகிப் புதுக் கடவுச்சீட்டோடு வந்து அவர் வீட்டில் கேக் வெட்டினார்கள். படிப்பித்தவர் முதல் ஆளாகக் குடியுரிமை எடுத்திருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவர் சோதனைக்குப் போகவே இல்லை. பயம். ஊரில் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனை எடுத்து, பெறுபேறு ஒட்டிய பலகையில் பெயரில்லாமல் வீட்டுக்கு வந்தவர் அவர். ஒரு தடவையல்ல, இரு தடவை. இரண்டாம் தடவை அயலட்டை எல்லாம் செத்தவீட்டுக்கு வருவது போல வந்து தாய்க்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனது. அதன்பிறகு அவர் எந்தப் பரீட்சையையும் எழுதியதில்லை, பஸ் ஓட்டும் அனுமதிப்பத்திரத்தைத் தவிர. அதைக்கூட வீட்டில் சொல்லாமல்தான் போய் எடுத்தார். மற்றவர்களுக்குப் படிப்பித்த பிறகு பயம் இன்னும் மோசமாகிவிட்டது. மாணவன் பெயிலானால் மாணவனுக்குத்தான் வெட்கம், வாத்தியார் பெயிலானால் நொய்கெல்னில் தலைகாட்ட முடியுமா?

ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். யாராவது கேட்டால் “நான் தபாலிலை போட்டிட்டன்” என்பார். பஸ்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை எந்த ஷிஃப்ட் வரும் என்று ஆருக்குத் தெரியும், தபால் வாக்குத்தான் புத்திசாலித்தனம் என்று ஒரு சின்ன விரிவுரையும் தருவார். லண்டன் கல்யாணங்களுக்குச் சுலோஜனா மட்டும் போவார், அந்த வாரம் இவருக்கு எப்போதும் வேலை. விமான நிலையத்தில் அவர் நிற்க வேண்டிய வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வரிசையை வேறு தமிழர் பார்த்துவிடக்கூடாதல்லவா. யாராவது நெருக்கினால் சொல்லவென்று, இலங்கைக் குடியுரிமையைத் துறக்க மனம் வரவில்லை என்ற ஒரு காரணத்தையும் மடித்து வைத்திருந்தார். அந்த வருடம் சட்டத்தை மாற்றி, இரண்டையும் வைத்திருக்கலாம் என்று சொல்லி, அரசாங்கம் அதையும் பறித்துவிட்டது. அந்தச் சட்டத்தை அவர் வானொலியில் வரவேற்றுப் பேசினார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார்.

கார்த்திகை விளக்கீடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஆதிரை மடிக்கணினியோடு வந்தாள். இருபத்தேழு வயது. தனியாக இருக்கிறாள், ஞாயிறு மதியம் தாயின் நண்டுக்குழம்புக்காக வருவாள். சாப்பிட்டு முடிந்ததும் கணினியைத் தகப்பனுக்கு முன்னால் வைத்தாள்.

“அப்பா, இதை ஒருக்கால் விளையாடிப் பாருங்கோ.”

“என்னண்டு?”

“பஸ் ஓடுற விளையாட்டு. நீங்கள்தான் டிரைவர்.”

நவரத்தினம் சிரித்தார். கறையான் அது இது என்று ஆயிரம் இருந்தாலும், பஸ் என்றால் அது அவருடைய காணி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் மழை பெய்யும் ஒரு நகரம், மஞ்சள் நிற பஸ், உள்ளே மங்கிய வெளிச்சம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதைச் சொல்லவில்லை.

முதல் தரிப்பிடத்தில் ஒரு கிழவி தூரத்திலிருந்து ஓடிவந்தாள். நவரத்தினம் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். கிழவி ஏறினாள். அடுத்த சந்தியில் சைக்கிள்காரன் ஒருவனுக்கு வழிவிட்டார். அதற்கடுத்து, தள்ளுவண்டியோடு நின்ற தாய்க்காக பஸ்ஸைப் பக்கவாட்டில் தாழ்த்தும் பொத்தானைத் தேடினார். அப்படி ஒரு பொத்தான் இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே திரை சிவந்து, தாமதம் காரணமாக அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டதாக எழுத்து வந்தது.

சுலோஜனா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். உள்ளே அவர் சிரிப்பது கேட்டது.

“இதை எழுதினவன் வாழ்க்கையிலை பஸ்ஸிலை ஏறினதே இல்லை,” என்றார் நவரத்தினம்.

“எழுதினது நான், அப்பா.”

“அப்ப நீ என்ரை பஸ்ஸிலை ஏறேல்லை.”

மறுபடி விளையாடினார். மறுபடி நீக்கப்பட்டார். மூன்றாம் முறை கிழவியை விட்டுவிட்டு ஓட்டினார், வேலை நிலைத்தது, ஆனால் முகம் வாடிப்போயிற்று. இதுவும் ஒரு அபிப்பிராயம்தான் பிள்ளை, கிழவியை ஏத்தாதவனுக்குத்தான் இந்த நாட்டிலை நேரத்துக்குப் போக ஏலும் எண்டு சொல்லுறாய், அது அரசியல், என்று அவர் சொன்னபோது ஆதிரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய சக ஊழியர்கள் ஒரு வருடமாக விளங்கிக்கொள்ளாததைத் தகப்பன் அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிட்டார். அவளுக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அதன் பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள். அந்த பஸ்ஸின் முன் இருக்கையில் ஒரு பயணி இருப்பார். எழுதி ஒட்டியிருப்பதைப் பொருட்படுத்தாமல் சாரதியோடு பேசிக்கொண்டே வருவார். அரசியல், பாட்டு, பிள்ளை வளர்ப்பு, எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு கருத்து. பேசுவது ஜேர்மன், கோபம் வந்தால் தமிழ், கீழே எழுத்து ஓடும். அந்த விளையாட்டில் ஆதிரை முழுதாகத் தானே எழுதிய பாத்திரம் அது ஒன்றுதான். குரல் கொடுக்க வந்த நடிகர் வேறு வேலை கிடைத்து விலகிவிட்டார். தை மாதத்தில் வெளியீட்டாளர்களுக்கு விளையாட்டைக் காட்ட வேண்டும். அதற்குள் குரல் கிடைக்காவிட்டால் அந்த ஆளை எடுத்துவிடுவதாகக் கம்பெனியில் முடிவு செய்திருந்தார்கள்.

“நீங்கள் வாறியளோ அப்பா?”

“ஆரைப் பாத்து எழுதினனி?” என்று கேட்டார் நவரத்தினம்.

ஆதிரை தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

வானொலியில் என்ன சொல்வார்கள், கறையானுக்கே குரல் கொடுத்த மனிதன் என்பார்கள், அவர் ஒரு பொறுப்புள்ள ஆள், இப்படியெல்லாம் ஒரு கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மகள் எழுதித் தந்த வசனங்களை மட்டும் எங்கும் கொண்டு போனார். ஹெர்மன்பிளாட்ஸ் சதுக்கத்தில் இடைவேளையின்போது பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆளில்லாத இருக்கைகளுக்கு வாசித்துக் காட்டினார். வசனங்கள் நன்றாக இருந்தன, அவரே பேசியது போல இருந்தன, சில இடங்களில் அவரைவிட நன்றாக இருந்தன. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது வாசிப்பு நின்றது.

அங்கே சாரதி அந்தப் பயணியிடம், நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்கலாம். கேட்டால் பயணி சொல்ல வேண்டியது: எனக்கு வாக்கு இல்லை. இந்த நாட்டிலும் இல்லை, அந்த நாட்டிலும் இல்லை.

நவரத்தினம் அந்தத் தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிள்ளைக்குத் தெரிந்துவிட்டதா? சுலோஜனா சொல்லியிருப்பாரா? அல்லது சும்மா, கதைக்காக, தற்செயலாக எழுதியதா? தற்செயல் என்று முடிவு செய்துகொண்டார். அப்படி முடிவு செய்யாவிட்டால் அன்றைய இரண்டாவது சுற்றை ஓட்ட முடிந்திராது.

ஒலிப்பதிவுக்குப் போன நாளில் கோட் போட்டுக்கொண்டு போனார். பென்ஜமின் என்று ஒரு ஜேர்மன் பெடியன், ஒலிப்பதிவாளன், கண்ணாடிக்கு அப்பால் காதில் கருவியோடு இருந்தான். அவனுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அறையின் சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. அரிசி மூட்டையை விட நல்லாய்த்தான் இருக்கு என்றார் நவரத்தினம், அதற்கு மேல் பாராட்டத் தெரியாதவர்.

தொடங்கியதும் மனிதரைப் பிடிக்க முடியவில்லை. அரசியலில் எழுதியதைவிட இரண்டு வசனம் கூடச் சொன்னார். பாட்டைப் பற்றிய பகுதியில் தொண்டை திருத்தும் மெஷினைத் தானே நடித்துக் காட்டினார், பென்ஜமின் மேசையில் குனிந்து குனிந்து சிரித்தான். விளையாட்டுகளைப் பற்றி அந்தப் பயணி திட்டும் இடத்தில், விளையாட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு விளையாட்டை அவர் திட்டிய திட்டில் அப்படி ஒரு உண்மை இருந்தது. எதிர்க்கட்சி என்றால் இப்படித்தான் பாராளுமன்றத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று பென்ஜமின் ஜேர்மனில் சொன்னான். நவரத்தினத்துக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

பிறகு கடைசிப் பக்கம் வந்தது. அவர் இருமினார். தண்ணீர் கேட்டார். ஆதிரையைப் பார்த்து, “இந்த ஆள் இப்பிடிச் சொல்லமாட்டான், பிள்ளை,” என்றார்.

“ஏன் அப்பா?”

“இவ்வளவு கதைக்கிறவனுக்கு வாக்கில்லாமல் இருக்குமோ? ஆரும் நம்பாயினம். தபாலிலை போட்டிட்டன் எண்டு சொல்லட்டும், அது இயல்பாயிருக்கும்.”

“அதையும் எழுதியிருக்கிறன். தாளைத் திருப்பிப் பாருங்கோ.”

திருப்பினார். சாரதி முதல் தடவை கேட்டால் பயணி சொல்லும் பதில்: நான் தபாலில் போட்டுவிட்டேன். அதே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால்தான் மற்றப் பதில். வருடக்கணக்காகச் சொன்ன வசனம் அச்சில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் பதிலை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பென்ஜமின் கட்டை விரலை உயர்த்தி, அற்புதம், ஒவ்வொரு சொல்லையும் நம்பினேன் என்றான். நம்பாமல் என்ன, அதற்கு இருந்த பயிற்சி கொஞ்சமா.

இரண்டாவது பதில் வரவில்லை. ஒரு தடவை உரக்கச் சொன்னார், மேடைப் பேச்சாகிவிட்டது. ஒரு தடவை மெதுவாகச் சொன்னார், நோயாளி போலிருந்தது. பென்ஜமின் ஒவ்வொரு முறையும் பணிவாக இல்லையென்று தலையை ஆட்டினான். நடிப்பது தெரிகிறது ஐயா, மன்னியுங்கள், இந்த மனிதருக்கு உண்மையில் வாக்கில்லை என்று எனக்குத் தோன்றவில்லை என்றான். நவரத்தினத்துக்கு அந்த நேரம் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பொய்க்கு முதல் தரமும் உண்மைக்குச் சைபரும் போடுகிற சோதனையை அவர் இதுவரை எங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஆதிரை கண்ணாடிக்கு அப்பாலிருந்து எழும்பி உள்ளே வந்தாள். தகப்பனுக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தாள்.

“தாளை வையுங்கோ அப்பா. நான் கேக்கிறன், நீங்கள் தமிழிலை சொல்லுங்கோ.”

அவர் தாளை முழங்காலில் வைத்தார்.

“நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள், அப்பா?”

“நான் தபாலிலை போட்டிட்டன்.” அது தானாகவே வந்தது, கதவு தட்டினால் ஆர் என்று கேட்பது போல.

ஆதிரை அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தாயின் கண்கள். பிறகு அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல், மறுபடி கேட்டாள்.

“நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள், அப்பா?”

நவரத்தினம் முழங்காலில் கிடந்த தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“எனக்கு வாக்கு இல்லைப் பிள்ளை,” என்றார். “ஒரு நாளும் இருந்ததில்லை. எல்லாரையும் சோதினைக்கு அனுப்பிப்போட்டு நான் போகேல்லை. பெயிலானா என்ன செய்யிறதெண்டு பயந்திட்டன். இண்டைக்கும் பயம்தான்.”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“பதினெட்டு வயசிலை இருந்து. முதல் வோட்டுக்கு, வாக்குப் போடக் கூப்பிடுற கடிதம் தபாலிலை ரெண்டுதான் வந்தது. அம்மாக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு.”

“அப்ப ஏன் நீ கேக்கேல்லை?”

“கேட்டனான் அப்பா. ஒருக்கால் கேட்டனான். நீங்கள் தபால் எண்டியள்.” அவள் முக்காலியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நான் பிறகு கேக்கேல்லை. அம்மாவும் கேக்கேல்லை. ஒருத்தரும் ரெண்டாம் தரம் கேக்கேல்லை, என்ன?”

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, ஒன்பது வருடம் இவள் ஒரு சொல் சொல்லாமல் இருந்தாளே என்று கோபமும் வந்தது. பிறகு கோபம் யார் மேல் என்று பார்த்தபோது அது வழக்கம்போல மற்றவர் மேல் நிற்காமல் தன்மேலேயே வந்து நின்றது. அவர் சால்வையைத் தேடினார், அன்று கோட் போட்டு வந்திருந்ததால் சால்வை இல்லை. கையின் பின்புறத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு அப்பால் பென்ஜமின் இரண்டு கட்டை விரலையும் உயர்த்திக்கொண்டு நின்றான். ஒலிவாங்கியை யாரும் நிறுத்தவில்லை.

“வேண்டாமெண்டா அழிச்சுப்போடலாம்,” என்றாள் ஆதிரை அவசரமாக. “அந்த ஆளையே எடுத்திடலாம். நான் இதுக்காகக் கூப்பிடேல்லை அப்பா. உண்மையா.”

நவரத்தினம் கோட்டின் கழுத்தைச் சரிசெய்துகொண்டார்.

“குரல் எப்பிடி வந்திருக்கு?”

போட்டுக் காட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் தடவையும் போடச் சொன்னார். பிறகு, அது இருக்கட்டும், ஆனால் பாட்டைப் பற்றிச் சொன்னதில் ஒரு இடம் திருப்தியில்லை, அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போக மூன்று பேருக்கும் மிகவும் பிந்திவிட்டது.

தை மாதத்தில் வெளியீட்டாளர்கள் விளையாட்டை எடுத்துக்கொண்டார்கள். முன் இருக்கைப் பயணியை ஒரு சொல்லும் குறைக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார்களாம். ஆதிரை தொலைபேசியில் சொன்னபோது சுலோஜனா சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார். அகப்பையைக் கீழே வைக்காமலே கணவரைப் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ, ஆராவது கேட்டா என்ன சொல்லப் போறியள்?”

“நடிச்சனான் எண்டு சொல்லலாம்.”

“ஓம். சொல்லலாம். ஒருத்தரும் திருப்பிக் கேக்கப் போறேல்லை.”

அவர் மனைவியை உற்றுப் பார்த்தார். சுலோஜனா பொங்கலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக ஒரு மனிதனின் பொய்க்கு இடம்விட்டு வாழ்ந்தது எவ்வளவு பெரிய பொறுமை என்று நவரத்தினத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லத் தெரியாமல், பொங்கலுக்கு உப்பு ஒரு துளி போட்டால் இனிப்பு எடுக்கும் என்று ஒரு அபிப்பிராயம் சொன்னார்.

தேர்தலுக்கு முதல் நாள் சனிக்கிழமை. கடையில் அந்த வாரம் அரிசி விற்கவில்லை, மூட்டைகள் கூரை வரை நின்றன, ஆகவே குரல் நன்றாக விழும். சிறப்பு நிகழ்ச்சி என்று ரவிச்சந்திரன் ஒரு கிழமையாக விளம்பரம் செய்திருந்தான். அரசியல் பகுதி வழக்கம்போல நடந்தது, ஆனால் கட்சிகளை அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகவே அடித்தார். பாட்டுப் பகுதியில் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாம் பகுதியில், கணினி விளையாட்டுகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது, தான் ஒன்று விளையாடிப் பார்த்ததாகவும் வேலை போய்விட்டதாகவும் சொன்னார். தன்னுடைய மகள் விளையாட்டுகள் எழுதுகிறாள் என்றும் சொன்னார். “கொம்பியூட்டர்” என்று சொல்லவில்லை. ரவிச்சந்திரன் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்தான்.

முடிக்கும் நேரம் வந்தது. ரவிச்சந்திரன் மைக்கை நெருங்கி, ஒலிபரப்புக்கென்று வைத்திருக்கும் குழைவான குரலில் பேசினான்.

“நேயர்களே, எனக்குக் குடியுரிமைச் சோதனைக்குப் படிப்பித்தவர் இந்த நவரத்தினம் அண்ணைதான். எனக்கு மட்டுமல்ல, இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் எத்தனை பேருக்கு. நாளைக்கு நாங்கள் வாக்குப் போடப் போகிறோம் என்றால் அதற்கு இவரும் ஒரு காரணம். கடைசியாக ஒரு கேள்வி. கட்சியைச் சொல்ல வேண்டாம் அண்ணை. நீங்கள் இந்தமுறை யோசித்துப் போட்டுவிட்டீர்களா?”

“நான் தபாலிலை போட்டிட்டன், ரவி.”

எவ்வளவு அழகாக வந்தது. பென்ஜமின் இருந்திருந்தால் கட்டை விரலை உயர்த்தியிருப்பான்.

“அதுதான் அண்ணை. எங்களுக்கெல்லாம் முன்மாதிரி,” என்றான் ரவிச்சந்திரன். கணினித் திரையில் அடுத்த பாட்டைத் தேடினான். புதுப்பாட்டுத்தான், தொண்டை திருத்திய வகை, அதுவும் தேர்தல் நாளுக்கு முதல் நாள். நவரத்தினம் மைக்குக்கு முன்னால் அசையாமல் இருந்தார். சமையலறைகளில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பவர்களை நினைத்தார். அவருடைய வரவேற்பறை நிலத்தில் இருந்து கொடியின் நிறங்களை மனப்பாடம் செய்தவர்கள். அவர்களில் ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கமாட்டார், அவ்வளவு மரியாதை. வெளியே கடையில் யாரோ பருப்பு என்ன விலை என்று விசாரிப்பது கேட்டது. ரவிச்சந்திரனின் விரல் பாட்டைத் தொடங்கும் பொத்தானுக்கு மேலே வந்துவிட்டது.

“ரவி,” என்றார் நவரத்தினம், “பாட்டைப் போடாதை. அந்தக் கேள்வியை இன்னொருக்கால் கேள்.”